கேள்வி நோட்டு

மூக்குக் கண்ணாடிக்கான வில்லைகளைச் சோதிக்கும் அறையில் இரண்டிரண்டு பேராகத்தான் உட்கார வேண்டும். எதிரெதிரே நாற்காலி, நடுவில் ஒரு விளக்கு, தட்டுக்கு நாற்பது வில்லை. முதலில் பார்ப்பவளுக்கு முதல் கண் என்று பெயர். அவள் பார்த்துத் தள்ளிய தட்டை மறுபடி பார்ப்பவள் இரண்டாம் கண். இரண்டு பேரும் சீட்டில் கையெழுத்துப் போட்டால்தான் தட்டு அடுத்த அறைக்குப் போகும். ஒருத்தியின் கண்ணை மற்றவள் நம்பக் கூடாது என்பது அங்கே சட்டம், சுவரில் எழுதியே ஒட்டியிருக்கிறார்கள். நம்பாமல் இருப்பதற்குச் சம்பளம் கொடுக்கிற இடத்தில் ஐந்து வருஷம் எதிரெதிரே உட்கார்ந்து இரண்டு பேர் உயிருக்கு உயிராகிவிட்டார்கள் என்றால் அதற்கு நிர்வாகம் பொறுப்பாகாது.

முதல் கண்ணாக இருந்தவளை அறை முழுக்க வாயாடி என்றுதான் கூப்பிட்டார்கள். எதிரே இருந்தவளுக்கு வாயாடியே ஊமச்சி என்று பெயர் வைத்தாள். பேசத் தெரியாதவள் இல்லை ஊமச்சி. கேட்டால் பதில் சொல்வாள், கேட்காவிட்டால் சாயங்காலம் வரை சும்மா இருப்பாள், அவ்வளவுதான். வாயாடியோ ஒரு வில்லையை வெளிச்சத்தில் திருப்புவதற்குள் மூன்று கேள்வி கேட்பாள்.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அதுவும் பொய்தான். வாயாடி செத்து ஆறு வாரம் ஆகிறது. தலைவலி என்று மத்தியானம் படுத்தாள், மூளையில் ரத்தம் கசிந்திருக்கிறது, எழுந்திருக்கவில்லை. முப்பத்து நான்கு வயசு.

சாவு லீவுக்கு அலுவலகத்தில் ஒரு படிவம் உண்டு. அதில் உறவு முறை என்று ஒரு கட்டம், கீழே பட்டியல்: தாய், தந்தை, கணவன், மனைவி, பிள்ளை, உடன்பிறந்தவர், மாமனார், மாமியார். ஊமச்சி அந்தப் பட்டியலை மேலிருந்து கீழே ஒரு தட்டைச் சோதிப்பது போல ஒவ்வொன்றாகப் பார்த்தாள். சிநேகிதி என்று ஒரு வரி அதில் இல்லை. குமாஸ்தா நல்ல மனுஷன்தான், அவரும் என்ன செய்வார். "ரெண்டு மணி நேரம் பர்மிஷன் போட்டுக்கங்க," என்றார். அந்த இரண்டு மணி நேரத்தில் அவள் போய் வாயாடி வீட்டுக்குக் கீழே தெருவில் கூட்டத்தோடு நின்றாள். மாடிப்படி ஏறவில்லை. திரும்பி வந்து சாயங்காலத்துக்குள் பதினோரு தட்டு பார்த்தாள். ஒன்றில்கூடத் தவறு இல்லை.

அழவும் இல்லை. அன்றைக்கும் இல்லை, அதற்கப்புறமும் இல்லை. கல் நெஞ்சுக்காரி என்று அறையில் இரண்டு பேர் சொன்னது அவள் காதில் விழுந்தது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. அவளுடைய அம்மா மட்டும் பயந்து போயிருந்தாள். "ஒரு பாட்டம் அழுதுடுடி. உள்ளயே வெச்சிருந்தா நெஞ்சுல கட்டிக்கும்," என்று தினமும் சொன்னாள். ஒரு நாள் வெங்காயம் நறுக்கும்போது ஊமச்சியின் கண்ணில் தண்ணீர் வந்ததைப் பார்த்துவிட்டு அம்மா ஆசையாகக் கிட்டே வந்து தோளைத் தொட்டாள். "வெங்காயம்மா," என்றாள் இவள். அம்மா ஏமாந்துபோய் அடுப்பைப் பார்க்கப் போனாள்.

ஊமச்சிக்குத் துக்கம் இல்லாமல் இல்லை. அதற்கு முன்னால் வேறு ஒன்று வழியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. சாவதற்கு முந்தின பதினோரு நாள் அவர்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

காரணம் ஒரு தட்டுதான். ஒரு நாள் ஷிப்ட் முடிகிற நேரத்தில், "நான் நல்லா பாத்துட்டேன், நீ கையெழுத்துப் போடு, பஸ் போயிடும்," என்றாள் வாயாடி. ஐந்து வருஷத்தில் முதல் தடவையாக ஊமச்சி பார்க்காமல் போட்டாள். அந்தத் தட்டில் ஆறு வில்லையில் கீறல். வாங்கின இடத்திலிருந்து திரும்பி வந்துவிட்டது. மேற்பார்வையாளர் அறை நடுவில் நின்று யார் பொறுப்பு என்று கேட்டபோது வாயாடி சொன்னாள்: "கடைசியா பாத்தது அவதானே சார்."

சட்டப்படி அது சரி. கடைசிக் கண் இரண்டாம் கண்தான். எச்சரிக்கைக் கடிதம் ஊமச்சிக்கு வந்தது. கடிதம் அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. நாற்பது பேர் பார்க்க, தன்னைக் காட்டிக் கொடுக்க அந்த வாய்க்கு ஒரு நொடிகூடத் தயக்கம் இல்லையே என்பதுதான் முள்ளாகத் தைத்தது. மறுநாளிலிருந்து பேச்சு நின்றது. எதிரெதிரே நாற்காலி, நடுவில் விளக்கு, தட்டு இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்குப் போகும், சத்தம் கிடையாது. பதினோராம் நாள் தேநீர் இடைவேளையில் வாயாடி எழுந்து வந்து பக்கத்தில் நின்றாள். எதையோ கேட்கப் போகிறவள் போல வாயைத் திறந்தாள். ஊமச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டு குழாயடிக்குப் போய் டம்ளரைக் கழுவினாள். ஏற்கெனவே கழுவின டம்ளர்.

மறுநாள் வாயாடி வேலைக்கு வரவில்லை. அன்று மத்தியானம்தான் அது நடந்தது.

அவள் என்ன கேட்க வந்தாள்? ஆறு வாரமாக ஊமச்சிக்கு இதுதான். பல் தேய்க்கும்போதும் இதுதான், பஸ்ஸில் நிற்கும்போதும் இதுதான். ஒருவேளை தலைவலி மாத்திரை இருக்கிறதா என்று கேட்க வந்தாளோ என்று ஒரு நாள் தோன்றியது. அன்று முழுக்க அவள் சாப்பிடவில்லை.

இதற்கு நடுவில் ஜப்பானிய மொழி வேறு.

தொழிற்சாலையில் ஒரு அறிவிப்பு வந்திருந்தது. அடிப்படை ஜப்பானிய மொழியில் வாய்மொழித் தேர்வு தேறுகிறவர்களை ஆறு மாதப் பயிற்சிக்கு ஜப்பானுக்கு அனுப்புவார்களாம். வாயாடி அன்றே இரண்டு பேர் பெயரையும் கொடுத்துவிட்டாள். "நீ எதுக்குடி என் பேரைக் குடுத்த?" என்று கேட்டதற்கு, "அங்க போய் நான் யார்கிட்ட பேசறது?" என்றாள். சனிக்கிழமைதோறும் சாப்பாட்டு நேரத்தில் அரை மணி வகுப்பு. டீச்சர் ஜப்பானில் ஒன்பது வருஷம் மொழிபெயர்ப்பு வேலை பார்த்தவர், கறார்ப் பேர்வழி. புத்தகம் கிடையாது. பலகையில் ஒரு தடவை எழுதுவார், அழித்துவிடுவார், கெஞ்சினாலும் மறுபடி எழுத மாட்டார். "நீங்களே எழுதினாத்தான் மனசுல நிக்கும்," என்பார்.

தேர்வு ஜோடி ஜோடியாக. ஒருவர் கேட்க வேண்டும், மற்றவர் பதில் சொல்ல வேண்டும். இதைக் கேட்டதும் வாயாடிக்கு யோசனை உதித்தது. தட்டைப் பிரித்துக்கொள்கிற மாதிரி பாடத்தையும் பிரித்துக்கொள்ளலாம். அரை மணிக்குள் எல்லாவற்றையும் எழுத யாரால் முடியும்? சொற்களை மட்டும் இருவரும் எழுதிக்கொள்வது. வாக்கியங்களில் கேள்வி எல்லாம் அவள் நோட்டில், பதில் எல்லாம் இவள் நோட்டில். "நான் பொறந்ததே கேக்கறதுக்குத்தான், நீ பொறந்ததே பதில் சொல்றதுக்குத்தான்," என்றாள். வில்லை சோதிக்கிற இரண்டு பெண்களைத் தவிர வேறு யாருக்கும் இப்படி ஒரு கிறுக்குத்தனம் தோன்றியிருக்காது.

இருவரும் சேர்ந்து படித்த கடைசிப் பாடம் நட்பு. அந்த ஊர்க்காரர்கள் நட்பைத் தட்டுத் தட்டாகப் பிரித்து வைத்திருந்தார்கள். முகம் தெரிந்தவர் என்றால் ஷிரியாய். கூட வேலை செய்பவர் தோர்யோ. சிநேகிதம் ஆகிவிட்டால் தொமோதாச்சி. சின்ன வயசிலிருந்து கூட இருந்தால் ஒசானானாஜிமி. உயிர்த்தோழி என்றால் ஷின்யூ. சண்டைக்குக் கெங்கா, கோபமாக இருப்பதற்கு ஒகொத்தே, இன்னும் என்பதற்கு மதா, சண்டை போட்டவர்கள் ராசியாவதற்கு நகானாவோரி. வீணாய்ப்போன தட்டுச் சீட்டுகளின் பின்னால் எழுதி விளக்கடியில் வைத்துக்கொண்டு வேலையோடு வேலையாக இருவரும் படித்தார்கள். சொற்கள் எல்லாம் இன்றும் ஊமச்சிக்கு மனப்பாடம். அந்தப் பாடம் முடிந்த இரண்டாம் நாள்தான் கீறல் விழுந்த தட்டு திரும்பி வந்தது.

வாயாடி போன பிறகு பெயரை எடுத்துவிடச் சொல்லியிருக்கலாம். வேண்டாம் என்று சொல்லவும் ஒரு மனசு வேண்டுமே. அது இல்லாததால் அவள் சனிக்கிழமை ஆனால் போய் உட்கார்ந்தாள். தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போது டீச்சர் அவளுக்கு அதே வகுப்பில் இருந்த ஸ்டோர்க்காரரை ஜோடி சேர்த்தார். ஸ்டோர்க்காரர் ஐம்பதைத் தொட்டவர், அவருடைய ஜோடி பாதியிலேயே கழன்றுகொண்டிருந்தான்.

"ஆரம்பிங்க," என்றார் டீச்சர்.

ஊமச்சி காத்திருந்தாள். ஸ்டோர்க்காரரும் காத்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து அவர் மெதுவாகச் சொன்னார், "கோனென் மாயே காரா தெஸ்." ஐந்து வருஷத்துக்கு முன்னாலிருந்து.

"ஹாய், மைனிச்சி ஐமாஸ்," என்றாள் ஊமச்சி. ஆமாம், தினமும் சந்திக்கிறோம்.

டீச்சர் பேனாவைக் கீழே வைத்தார். "என்ன இது?"

"நான் பதில் மட்டும்தான் மேடம் படிச்சேன்," என்றார் ஸ்டோர்க்காரர். "கேக்கறவன் ஓடிட்டான்."

"நானும் பதில்தான்," என்றாள் ஊமச்சி.

கிறுக்குத்தனத்துக்கு அவளும் வாயாடியும் மட்டும் சொந்தக்காரர்கள் இல்லை போலிருக்கிறது. இன்னொரு நாளாக இருந்தால் அவள் சிரித்திருப்பாள். டீச்சருக்கும் சிரிப்பு வந்து, பிறகு எதிரில் இருப்பவள் யார் என்று ஞாபகம் வந்து அடங்கிவிட்டது. "ரெண்டு பதிலை வெச்சுக்கிட்டு என்ன பண்றது? யாராவது ஒருத்தர் கேக்கணும். உங்க ஜோடி எழுதின கேள்வி நோட்டு எங்க?"

"அவ வீட்டுல இருக்கும்."

"போய் வாங்கிட்டு வாங்க."

வாயாடியின் கணவர் பஸ் நடத்துனர். புதன்கிழமை அவருக்கு ஓய்வு. ஊமச்சி அரை நாள் லீவு போட்டுவிட்டு, போகலாமா வேண்டாமா என்று தெருமுனை வரை யோசித்துக்கொண்டே போனாள். சாவுக்கு மாடிப்படி ஏறாதவள் நோட்டு வாங்குவதற்கு ஏறுவதா? எந்த முகத்தை வைத்துக்கொண்டு? ஆனால் கால் ஏறிவிட்டது. அவளுக்கு இப்போதெல்லாம் கால் போகிற இடம்தான் அவள் போகிற இடம்.

கதவு திறந்தே இருந்தது. நடத்துனர் தரையில் உட்கார்ந்து சீருடைச் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். தோல்பை ஆணியில் தொங்கியது. பாத்திரங்கள் கழுவிக் கவிழ்த்திருந்தன. வீடு சுத்தமாக இருந்தது, வாயாடி இருந்தபோது இவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை.

"வாம்மா. உள்ள வா," என்றார். ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

"அண்ணா, அவளோட ஜப்பானிய நோட்டு ஒண்ணு..."

"கேள்வி நோட்டுதானே? என்கிட்டதான் இருக்கு." எழுந்து தோல்பைக்குள் கைவிட்டு எடுத்தார். டிக்கெட் கட்டுகளோடு கிடந்து அதன் ஓரம் மடங்கியிருந்தது. "கடைசி ஸ்டாப்புல வண்டி கிளம்பறதுக்குப் பத்து நிமிஷம் சும்மா நிக்கும். அப்ப எடுத்துப் படிப்பேன். தமிழ் எழுத்துலதானே எழுதியிருக்கா. அர்த்தம்தான் ஒண்ணும் தெரியாது."

"அவ வீட்டுல சொல்லிப் பாப்பாளாண்ணா?"

"சொல்லிப் பாப்பாளாவா? என்னை உக்காரவெச்சு உயிரை எடுப்பா. தினம் ராத்திரி சாப்பாட்டுக்கு இதுதான் தொட்டுக்க. அவ கேக்கணும், நான் பதில் சொல்லணும். எனக்கு எங்க பதில் தெரியும்? 'ஹாய்'னா ஆமாம்னு மட்டும் சொல்லிக் குடுத்தா. எது கேட்டாலும் ஹாய்னு சொல்லிடுவேன். கல்யாணம் ஆனதுலேருந்து அதைத்தானே சொல்லிட்டிருக்கேன்."

அவர் சிரித்தார். சிரிப்பு பாதியில் தடுமாறி, இருமலைப் போல முடிந்தது. பிறகு நோட்டைக் கொடுக்காமல் கையில் வைத்துக்கொண்டே, "பதில் எல்லாம் உன்கிட்ட இருக்குன்னு சொல்லுவா. நான் கேக்கட்டுமாம்மா? ஒரே ஒரு தடவை? பதில் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியவே தெரியாது," என்றார்.

ஊமச்சி தலையாட்டினாள். அவர் எதிரே உட்கார்ந்தார். நோட்டைப் பிரித்து, ஓடுகிற வண்டியில் இருபது வருஷமாக டிக்கெட் கேட்ட அதே குரலில் கேட்டார்.

"கோனோ ஹிதோ வா தாரே தெஸ் கா?" இவர் யார்?

"வதாஷி நோ தொமோதாச்சி தெஸ்." என் சிநேகிதி.

"இத்சு காரா தொமோதாச்சி தெஸ் கா?" எப்போதிலிருந்து?

"கோனென் மாயே காரா தெஸ்."

"தொன்னா ஹிதோ தெஸ் கா?" எப்படிப்பட்டவர்?

"ஒமோஷிரோய் ஹிதோ தெஸ்." வேடிக்கையானவள்.

கேள்வி வர வர அவளுக்குப் பதில் தானாக வந்தது. குரல் அவருடையது, ஆனால் எந்த இடத்தில் நிறுத்துவது, எந்த இடத்தில் ஏற்றுவது என்பதெல்லாம் வாயாடியுடையது. அவள் எப்படிக் கேட்டாளோ அப்படியே அவர் பிடித்து வைத்திருந்தார். தினமும் சந்திக்கிறீர்களா என்றார். தினமும் சந்திக்கிறோம் என்றாள் ஊமச்சி. சண்டை போடுவீர்களா என்றார். எப்போதாவது என்றாள். டீச்சர் பலகையில் எழுதினது அத்துடன் சரி. ஊமச்சி நோட்டுக்காகக் கையை நீட்டினாள்.

"இரும்மா, இன்னும் ஒண்ணு இருக்கு," என்று அவர் பக்கத்தைப் புரட்டினார். "மதா ஒகொத்தே இமாஸ் கா?"

ஊமச்சியின் கை நீட்டினபடியே நின்றது.

மதா என்றால் இன்னும். ஒகொத்தே என்றால் கோபம். இன்னும் கோபமாக இருக்கிறாயா?

"இது பாடத்துல இல்லையேண்ணா," என்றாள்.

"இல்லையா? அதான் நானும் நெனச்சேன். டீச்சருக்கு போன் பண்ணிக் கேட்டு அவளே எழுதினா. கடைசி நாலஞ்சு நாள் வேற எதையும் கேக்கல, இதையேதான் திரும்பத் திரும்ப. நாக்கு சுளுக்காம வரணும்னு கண்ணாடி முன்னால நின்னுகூடச் சொல்லிப் பாத்தா. இன்னிக்கு கேட்டுடுவேன்னு காலையில சொல்லிட்டுப் போவா. சாயங்காலம் வந்து, இல்ல, நாளைக்குன்னுவா. யாருகிட்ட, என்னன்னு நான் கேக்கல. பரீட்சைக்குன்னு நெனச்சேன்."

ஊமச்சி தரையைப் பார்த்தாள். சிமென்ட் தரையில் ஒரு நூல் துண்டு கிடந்தது, ஒரு பொத்தான் கிடந்தது. இரண்டையும் நன்றாகப் பார்த்தாள். குழாயடியில் கழுவின டம்ளர் கையில் இருப்பது போலவே இருந்தது.

"பதில் இருக்காம்மா உன்கிட்ட?" என்றார் அவர், ஆவலாக. நோட்டைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்து மறுபடி கேட்டார். "மதா ஒகொத்தே இமாஸ் கா?"

"ஹாய்," என்றாள் ஊமச்சி.

யோசித்துச் சொல்லவில்லை. உள்ளே இருந்தது அதுதான், வெளியே வந்துவிட்டது. ஆமாம், கோபம்தான். நாற்பது பேர் நடுவில் கைகாட்டினதற்கு அல்ல, அது எப்போதோ ஆறிவிட்டது. பதினோரு நாள் வீம்பு பிடிக்கத் தெரிந்த எனக்குப் பன்னிரண்டாம் நாளில் இறங்கி வரத் தெரியாதா? அதற்குள் என்ன அவசரம் உனக்கு? ஒரு நாள் பொறுத்திருக்கக் கூடாதா? ஆறு வாரமாக மரத்துக் கிடந்த இடத்தில் சுருக்கென்று வலித்தது.

நடத்துனர் தலையை ஆட்டினார். "அது தப்பும்மா. நானும் முதல்ல அப்படித்தான் ஹாய்னு சொன்னேன். அவ விழுந்து விழுந்து சிரிச்சா. அப்புறம், 'எதுக்கு வேணா ஆமாம் சொல்லுங்க, இதுக்கு மட்டும் இயேன்னு சொல்லுங்க'ன்னா. இயேன்னா இல்லைன்னு அர்த்தமாமே? நான் மறந்துபோய் ஹாய்னு சொன்னா விட மாட்டா. இயே வர்ற வரைக்கும் திரும்பக் கேப்பா." அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "மதா ஒகொத்தே இமாஸ் கா?"

"ஹாய்," என்றாள் அவள் மறுபடியும். இந்தத் தடவை குரல் உடைந்து, கண்ணிலிருந்து வழிய ஆரம்பித்தது. துடைக்கத் தோன்றவில்லை.

அவருக்கு என்ன புரிந்ததோ தெரியவில்லை. நோட்டிலிருந்து பார்வையை எடுத்து, பயணி சில்லறை தேடி எடுக்கும் வரை பக்கத்தில் நிற்பது போலப் பொறுமையாக இருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, எழுதியிருந்ததைப் பார்க்காமலே கேட்டார்.

"மதா ஒகொத்தே இமாஸ் கா?"

"இயே," என்றாள் ஊமச்சி.

"சரி," என்றார். அடுத்த பக்கத்தைப் புரட்டினார், அதற்கடுத்ததையும் புரட்டிப் பார்த்தார். "இதோட முடிஞ்சுதும்மா," என்று நோட்டை மூடி அவளிடம் கொடுத்தார்.